கூரைமேல் எறிந்த பல்

சுடலை மஸ்கட்டிலிருந்து வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. இன்னும் அவனால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலை ஏழு மணிக்கு அவன் மனைவி செல்வலட்சுமி பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏலக்காட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் போனதும் இவன் உள்ளே வருவான், வெளியே போவான். நன்றாக இருக்கிற தாழ்ப்பாளைக் கழற்றித் திரும்ப மாட்டுவான். நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடி வரைக்கும் போய், நிரம்பியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். சலவைக் கம்பெனியில் இரண்டரை வருடம் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தவன். சும்மா இருப்பது எப்படி என்று உடம்புக்கு மறந்துபோயிருந்தது.

மகள் யோகப்பிரியாவுக்கு எட்டரை வயது. அவன் போகும்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. 'அப்பா' என்று வாய் நிறையக் கூப்பிடத்தான் செய்தாள். ஆனால் தலை பின்ன, சோறு போட்டுக்கொள்ள, காலில் முள் குத்தினால் எடுக்க என்று எல்லாவற்றுக்கும் அம்மா வரும்வரை காத்திருந்தாள். "அப்பா எடுக்கட்டுமா?" என்று கேட்டால், "வேணாம்ப்பா, அம்மா வரட்டும்" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். அந்த மரியாதைதான் சுடலையை என்னவோ செய்தது.

அதனால்தான் ஒன்பதாம் நாள் கட்டப்பனைக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கி வந்தான். சக்குபள்ளத்தில் அவர்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி சமதரை என்று ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடையாது. செல்வலட்சுமி சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இத எங்க வச்சு ஓட்டுறது, ஓட்டு மேலயா?" என்று கேட்டாள். யோகப்பிரியா மட்டும் மணியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. ஆவணி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் தூறல் நின்றதும் சைக்கிளை வெளியே எடுத்தார்கள். லயத்து வாசல்களை ஒட்டி ஒரு சிமெண்ட் பாதை குழாயடி வரைக்கும் இறங்குகிறது. அதில்தான் பழக்கினான். சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவன் குனிந்தபடி ஓட, "விட்ராதப்பா, விட்ராதப்பா" என்று அவள் கத்திக்கொண்டே மிதித்தாள். மூன்று தடவை போய் வந்தார்கள். நான்காவது தடவை அவள் கத்தவில்லை. கைப்பிடி நேராக நின்றது. பிடித்துவிட்டாள் என்று நினைத்து, சுடலை கையை எடுத்தான்.

பத்தடி நன்றாகத்தான் போனாள். பிறகு முன் சக்கரம் பாதையோரத்து ஓடைக் கல்லில் ஏறியது. சைக்கிள் ஒரு பக்கம் விழ, பிள்ளை ஒரு பக்கம் விழுந்தாள். குழாய் நிற்கிற இரும்புக் கம்பியில் அவள் முகம் மோதிய சத்தம் அவனுக்குக் கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கினான். அவளுக்கு முதலில் அழுகையே வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. பிறகு மொத்தமாகச் சேர்ந்து வெடித்தது. மேலுதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கை, கால், நெற்றி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். எங்கும் முறிவில்லை. தோளில் கிடந்த துண்டால் வாயை ஒற்றி எடுத்தபோது துண்டோடு ஒரு பல் வந்தது. மேல் வரிசை முன்பல். முழுசாக, வெள்ளை வெளேரென்று, பின்பக்கம் நீளமாக.

சுடலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பல்தானே! எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படியும் விழப்போகிற பல்.

மூச்சு வந்த கையோடு சின்னதாக ஒரு சந்தோஷமும் வந்தது. அதை அவன் யாரிடமும் பிறகு சொல்லிக்கொள்ளவில்லை. இந்தப் பிள்ளை முதன்முதலாக நடந்ததைப் பார்த்தவன் அவன். மஸ்கட் போன பிறகு நடந்ததெல்லாம் போனில்தான். ஒரு நாள் திரையில் வாயைப் பொத்திக்கொண்டு, "பல்லு விழுந்திருச்சுப்பா, அம்மா ஓட்டு மேல போட்டுச்சு" என்றாள். கையை எடுத்துக் காட்டச் சொல்வதற்குள் லைன் அறுந்துபோனது. இன்றைக்கு ஒன்று அவன் கையிலேயே விழுந்திருக்கிறது.

"அழாத தாயி, ஒண்ணுமில்ல. விழுகப்போற பல்லுதான, விழுந்திருச்சு. வா, நம்மளே ஓட்டு மேல போடுவோம்" என்றான்.

அவள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். என்னமோ சொல்லவும் செய்தாள். துண்டுக்குள்ளிருந்து முனகல்தான் வந்தது. வலியில் அழுகிறாள் என்று நினைத்தான். அவளைத் தேற்றுகிற அவசரத்தில், இரண்டடி பின்னால் போய், கையைச் சுழற்றி, பல்லைக் கூரைமேல் வீசினான். சிமெண்ட் ஷீட்டில் டிக்கென்று ஒரு சத்தம்.

"போச்சு! எங்க, சிரி பாப்போம்."

யோகப்பிரியா துண்டை எடுத்தாள். வாயில் ரத்தம் திரும்ப ஊறியது.

"அது புதுப் பல்லுப்பா."

"என்னது?"

"பழைய பல்லு போன வருசமே விழுந்திருச்சு. அம்மா போட்டுச்சு. இது அதுக்கு அப்புறம் முளைச்சது. இது போனா அப்புறம் முளைக்காதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

சுடலை அவளைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அந்த நீளமான பின்பக்கம் நினைவுக்கு வந்தது. தன் சிறுவயதில் விழுந்த பற்கள் எல்லாம் அரிசி மாதிரி, அடியில் தட்டையாக இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 

போனை எடுத்துச் செல்வலட்சுமிக்கு அடித்தான். கிடைக்கவில்லை. அவள் ஏலக்காய் எடுக்கிற பள்ளத்தில் டவர் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு தடவை அடித்தான்.

சத்தம் கேட்டு அடுத்த வாசலிலிருந்து வேலுத்தாய் வந்தாள். காய்ச்சல் என்று இரண்டு நாளாக வேலைக்குப் போகாமல் இருந்தாள். பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏ சுடலை, என்ன காரியம் பண்ணிட்ட! மேல் பல்லு ரெண்டும் போன வருசம் மழைக்கு முந்தியே விழுந்து முளைச்சிருச்சே. எங்க அந்தப் பல்லு?" என்றாள்.

சுடலை கையைக் கூரைப் பக்கம் காட்டினான்.

வேலுத்தாய் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் வாயில் துண்டைத் திரும்ப வைத்து அழுத்தினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மேல் ரோட்டில் பூபதிராஜாவின் ஜீப் நின்றது. தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்குகிறவன், சுடலையோடு ஒன்றாகப் படித்தவன். கூப்பிட்டதும் இறங்கி வந்தான். போன மாதம்தான் அவன் கட்டப்பனையில் ஒரு பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல் கட்டியிருந்தான். அந்த நம்பர் அவன் போனில் இருந்தது. அடித்துச் சுடலையிடம் கொடுத்தான். ஒரு பெண் குரல் எடுத்தது. மலையாளம் பாதி, தமிழ் பாதி. டாக்டரே எடுத்திருந்தார்.

சுடலை நடந்ததைச் சொன்னான். எறிந்ததையும் சொன்னான். 

"குட்டிக்கு மயக்கம் உண்டா? சர்தி?"

"வாந்தி இல்ல டாக்டர். நல்லாப் பேசுறா."

"சரி. பால்பல் ஆனா விட்ரலாம், அத திரும்ப வைக்கவே கூடாது. அடியில வர்ற பல்லு கெட்டுப்போகும். இது நிரந்தரப் பல்லுன்னா ஒவ்வொரு நிமிசமும் முக்கியம். தேடி எடுங்க. வெள்ளைப் பாகத்தை மட்டும் பிடிக்கணும், வேரைத் தொடாதீங்க. தேய்க்காதீங்க, சோப்பு வேண்டா. அழுக்கு இருந்தா பால்ல ஒரு தடவை அலசி, எடுத்த இடத்துலயே திரும்பச் சொருகப் பாருங்க. தைரியம் இல்லன்னா வேற பால்ல போட்டுக் கொண்டு வாங்க. தண்ணியில போடாதீங்க. வேகம்."

"எம்புட்டு நேரம் இருக்கு டாக்டர்?"

"இப்பவே நேரம் போகுது."

வேலுத்தாய் மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். சுடலை செருப்பை உதறிவிட்டு ஏறினான். பழைய ஷீட். பாசி பிடித்து வழுக்கியது. ஆணி அடித்த வரிசையிலேயே காலை வைத்து, நான்கு காலால் ஊர்ந்து போனான். ஷீட் முறிந்தால் நேராக யார் வீட்டு அடுப்பிலாவது விழ வேண்டியதுதான். மேலே என்னவெல்லாமோ கிடந்தன. சில்வர் ஓக் இலை, உடைந்த பந்து, ஒற்றைச் செருப்பு. மழைத்தண்ணீர் பிடிக்க, குழாயை இரண்டாக அறுத்து விளிம்பில் கட்டியிருந்தார்கள். அதில் சேறு அடைத்திருந்தது. விரலால் சேற்றைக் கிளறிக்கொண்டே போனான். தூறல் திரும்பவும் ஆரம்பித்தது.

விரலில் ஏதோ தட்டியது. எடுத்தான். பல்!

"கெடச்சிருச்சு!" என்று கத்தினான். கீழே வேலுத்தாய், "முருகா" என்றாள். பல்லை வாயில் கவ்விக்கொள்ளப் போய், வேரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, இரண்டு விரலால் பிடித்தபடி ஒரு கையால் ஏணியில் சறுக்கிக்கொண்டு இறங்கினான். முழங்கால் உரிந்ததுகூடத் தெரியவில்லை. பூபதிராஜா கிண்ணத்தில் பால் வைத்திருந்தான். சுடலை அதில் பல்லைப் போட்டான்.

யோகப்பிரியா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது இல்லப்பா."

"இதுதான் தாயி. பல்லுதான?"

"இது குட்டியா இருக்கு. இது பழசு. போன வருசம் அம்மா போட்டது."

பல்லைத் திரும்ப எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சேறு கழுவிப்போன பிறகு மங்கல் மஞ்சளாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அடியில் வேரே இல்லை. தேய்ந்து குழிந்துபோயிருந்தது. பூபதிராஜா மறுபடியும் டாக்டருக்கு அடித்துச் சொன்னான். "வேர் இல்லேன்னா அது பால்பல்தான். வேர் கரைஞ்சுதான் அது விழும். மற்றது நீளமா இருக்கும், தேடுங்க" என்றார் டாக்டர்.

பதினைந்து நிமிடம் போய்விட்டது. சுடலை திரும்ப ஏணியில் கால் வைத்தான். 

"அப்பா, அங்கிட்டு இல்ல" என்றாள் யோகப்பிரியா. "நீ எறிஞ்சது அத்தை வீட்டுப் பக்கம் போச்சு. சத்தம் அங்கதான் கேட்டுச்சு."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலயே."

வேலுத்தாய் வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் நீலத் தார்ப்பாய் விரித்து, மேலே பழைய டயர் ஒன்றை வைத்திருந்தார்கள். தார்ப்பாயின் மடிப்பில் மழைத்தண்ணீர் ஒரு கை அளவு தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில், தண்ணீரில் பாதி நனைந்தும் பாதி நனையாமலும் பல் கிடந்தது. இப்போது பார்த்தவுடன் தெரிந்தது. அகலமான பல். வெட்டுகிற முனையில் ரம்பம் மாதிரி மூன்று சின்ன மேடுகள். பின்னால் விரல்நக நீளத்துக்கு வேர். வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்தான். இந்தத் தடவை கத்தவில்லை.

பாலில் அலசினார்கள். திரும்பச் சொருகலாம் என்று சுடலை பிள்ளையின் வாயைத் திறந்தான். ரத்தமும் எச்சிலும் கலந்த அந்தக் குழியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்பதே குழம்பியது. யோகப்பிரியா, "அம்மா... அம்மா வரட்டும்" என்று வாயை மூடிக்கொண்டாள். அவனால் முடியவில்லை. மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் புதுப்பாலை ஊற்றிப் பல்லை அதில் போட்டான்.

"செல்விட்ட நான் சொல்லி அனுப்புறேன், நீ போ" என்றாள் வேலுத்தாய்.

வண்டன்மேடு வழியாகக் கட்டப்பனைக்கு முக்கால் மணி நேர ஓட்டம். பூபதிராஜா அரைமணியில் போய்விடலாம் என்றான். சுடலை பிள்ளையை மடியிலும் டப்பாவை நெஞ்சோடும் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் டப்பாவுக்குள் பல் தட்டுகிற சத்தம் கேட்டது.  மூடியைத் திறந்து பார்ப்பான், மூடுவான். மணி பார்ப்பான். "மாப்ள, கொஞ்சம் அழுத்து" என்பான். அடுத்த வளைவிலேயே, "மாப்ள, மெதுவா, பால் சிந்துது" என்பான்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு மாப்ள" என்றான் பூபதிராஜா.

வண்டன்மேட்டுக்கு அருகில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திருப்பத்தில் பின்னால் எடுக்க முடியாமல் குறுக்கே நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள். மூடுபனி வேறு. சுடலை டப்பாவைப் பூபதிராஜா கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினான். பின்னால் நின்ற கார்க்காரர்களின் கண்ணாடியைத் தட்டி, "பிள்ளைக்கு அடிபட்டிருக்கு, கொஞ்சம் எடுங்க, கொஞ்சம் எடுங்க" என்று கும்பிட்டான். ஒருவன் மலையாளத்தில் ஏதோ திட்டினான். ஆனாலும் எடுத்தான். லாரி நகர ஆறு நிமிடம் ஆனது. திரும்பி வந்து ஏறியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

யோகப்பிரியா உதட்டில் துண்டை ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா ஏசுமாப்பா?"

"ஒன்னய ஏச மாட்டா. என்னயத்தான் ஏசுவா."

"நிறைய ஏசுமா?"

"நிறையத்தான் ஏசுவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் உதடு வலித்து, அழுகையும் வந்தது. டப்பாவை அவளே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் வாசலிலேயே நின்றார். நாற்பது வயது இருக்கும். டப்பாவை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, "நல்லது, வேர் உடையல" என்றார். விழுந்து ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. எத்தனை நிமிடம் பாலுக்கு வெளியே இருந்தது என்று கேட்டார். சுடலை இருபத்தைந்து என்றான். முப்பதும் இருக்கலாம் என்று உடனே திருத்தினான். டாக்டர் குறித்துக்கொண்டார். சின்னதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் முறிவில்லை என்றார்.

ஊசி போட்டு, குழியை உப்புநீரால் கழுவி, பல்லை வெள்ளைப் பக்கமாகப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளினார். சுடலை பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அசையவே இல்லை. அவன்தான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான். "அச்சன் போய் வெளியே உக்காருங்க, மோளு தைரியமாத்தான் இருக்கா" என்றார் டாக்டர். அவன் போகவில்லை. பல்லை இரண்டு பக்கத்துப் பற்களோடும் மெல்லிய கம்பியால் சேர்த்து ஒட்டி முடிக்கும்போது, வாசலில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது.

செல்வலட்சுமி அப்படியே காட்டிலிருந்து வந்திருந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. கையெல்லாம் ஏலக்காய்க் கறை. வழியில் வந்த யாருடைய ஜீப்பிலோ ஏறி வந்திருக்கிறாள். பிள்ளையின் தலையைத் தடவி, வாயைப் பார்த்து, கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சுடலையை வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் பேசினாள்.

"கையை எதுக்கு விட்டீங்க?"

"பழகிட்டான்னு நெனச்சேன்."

"சரி, விழுந்தா. பிள்ளைன்னா விழத்தான் செய்யும். பல்லை எதுக்குத் தூக்கி எறிஞ்சீங்க? அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்குமே."

"சொன்னா. என் காதுல விழல."

"எந்தப் பல்லு விழுந்துச்சு, எது முளைச்சதுன்னு நான் போன்ல சொல்லிக்கிட்டேதான இருந்தேன். 'ஆமா ஆமா'ன்னீங்க. எதுக்கு ஆமான்னீங்க?"

 பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, கட்டிலில் சாய்ந்து, காதில் போனை வைத்தபடி பாதித் தூக்கத்தில் சொன்ன ஆமாக்கள் அவை. அதைச் சொன்னால் மட்டும் எறிந்தது எறியாததாகிவிடாது. வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டு வாரம் இந்தக் கம்பி இருக்கும். கடிக்கக்கூடாது, குழைச்ச சோறு, கஞ்சி. பிரஷ் மெதுவா. மருந்து எழுதியிருக்கேன். தடுப்பூசி கார்டு கொண்டுவந்து காட்டணும்."

"பல்லு நிக்குமா டாக்டர்?" என்றான் சுடலை.

"சொல்ல முடியாது. அரைமணி வெளியே கிடந்திருக்கு. வேர் முனை இன்னும் மூடலை, அது நம்ம பாக்கியம், உயிர் திரும்பி வரலாம். வரலன்னா வேர் சிகிச்சை செய்யணும். சில வருசம் நின்னுட்டு, வேர் கரைஞ்சும் போகலாம். இப்போதைக்கு இடத்துல இருக்கு. அடிக்கடி வந்து காட்டணும். ஒரு வருசம் வரைக்கும் விடக்கூடாது."

"நான் திருப்பிச் சொருகியிருக்கணும்ல?"

"சொருகியிருந்தா நல்லது. பால்ல போட்டதும் நல்லதுதான். அத விடுங்க." டாக்டர் கண்ணாடியைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டார். "நான் வேற ஒண்ணு காட்டணும். இங்க பாருங்க, கடைசிப் பல்லு. கறுப்பா ஒரு புள்ளி."

செல்வலட்சுமிதான் முன்னால் வந்தாள். "அது தெரியும் டாக்டர். ஆறு மாசமா இருக்கு. விழுகப்போற பல்லுதானன்னு விட்டுட்டேன்."

"இது விழாது."

"இல்ல டாக்டர், அந்த இடத்துல இன்னும் பல்லு ஒண்ணுமே விழல. நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன்."

"அதுதான் சங்கதி. இதுக்குன்னு ஒரு பால்பல் விழாது. ஆறு வயசுல, பால்பல் வரிசைக்குப் பின்னால, தானா முளைக்கும். ஒண்ணும் விழாததால எல்லா அம்மாக்களும் பால்பல்னே நினைச்சிருவாங்க. ஆயுசுக்கும் இந்தப் பல்லுதான். இப்ப அடைச்சா சின்ன வேலை. இன்னும் ஒரு வருசம் போயிருந்தா எடுக்க வேண்டி வந்திருக்கும்."

செல்வலட்சுமி கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் போக இடம் தெரியாமல் நின்றது. பிறகு இடுப்பில் இருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. சுடலை குனிந்து அவிழ்த்துக் கொடுத்தான்.

"ஆறு மாசம்" என்றாள் அவனிடம் மட்டும் கேட்கும்படி. "தெனமும் நானே பல்லு தேச்சுவிட்டிருக்கேன்."

"நமக்கு யாரு சொன்னா" என்றான் அவன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் சுடலை பாதி ஆளாகத்தான் இருந்தான். காலையில் எழுந்ததும் யோகப்பிரியாவின் வாயைத் திறக்கச் சொல்வான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் திறக்கச் சொல்வான். ஈறு சிவந்திருக்கிறதா, பல் நிறம் மாறுகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "விடுப்பா, தாடை வலிக்குது" என்று அவள் ஓடுவாள். கஞ்சியை அவனே குழைத்தான். மூன்றாம் நாள், அம்மா வரட்டும் என்று சொல்லாமல், அவன் கொடுத்ததை வாங்கிக் குடித்தாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பல் நினைப்பாகவே இருந்ததால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி அவனைப் பிடித்து உட்கார வைத்தாள். பிள்ளையை இருவருக்கும் நடுவில் படுக்க வைத்து, தெரிந்தவரை சொல்லிக்கொடுத்தாள். கீழே முன்னால் நாலும் புதுசு. மேலே நடுவில் ரெண்டு, அதில் ஒன்று இப்படி ஆகிவிட்டது. அதற்கு இந்தப் பக்கம் ஒன்று இப்போது ஆடுகிறது, இது நிஜமாகவே பால்பல். கோரைப்பல்லும் அதற்குப் பின்னால் இரண்டும் இன்னும் பால்பல், பத்துப் பதினோரு வயதுக்கு மேல்தான் விழும், அதுவரை சொத்தை வராமல் காப்பாற்ற வேண்டும். கடைசியில் இருக்கிறது விழாது. அந்த இடம் வந்ததும் அவள் குரல் இறங்கியது. சுடலை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் திரும்பச் சொன்னான். இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். யோகப்பிரியா அவன் விரலைக் கடித்தாள். "கடிக்காத, கடிக்கக்கூடாது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. மாதக் கடைசியில் திரும்பி வர வேண்டும் என்றார்கள். மூன்றாவது முறை டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள் அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டான். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று செல்வலட்சுமியிடம் மூன்று தடவை கேட்டான். "வேலை இருந்தா போங்க, இல்லாட்டி காய் எடுக்க வாங்க. இப்ப வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்காம கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.

பதினைந்தாம் நாள் கம்பியை எடுத்தார்கள். கம்பி எடுத்தபின் பல் தனியாக நின்றது. டாக்டர் கருவியின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும் என்றார். பின்பல்லில் முதல் நாளே அடைத்திருந்த இடமும் நன்றாக இருந்தது. உயிர் வந்ததா இல்லையா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஈறு வீங்கினாலோ பல் கறுத்தாலோ உடனே வரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் யோகப்பிரியா, பக்கத்தில் சுடலை. யோகப்பிரியாவின் நாக்கு அந்தப் பல்லை விடவே இல்லை. உதட்டுக்குள் நாக்கு போவதும் வருவதும் அவனுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

"தொடாத தாயி."

"தொடல."

"நாக்க வச்சுத் தள்ளுற."

"அது தானா போகுதுப்பா."

புளியன்மலை தாண்டியதும் ஒரு கிழவி சுட்ட சோளக்கதிரோடு பஸ்ஸில் ஏறினாள். யோகப்பிரியா கேட்டாள். சுடலை வாங்கி, முத்துக்களை ஒவ்வொன்றாக உதிர்த்து, பின்பல்லால் மெல்லு, அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் என்று அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தான். சக்குபள்ளத்தில் இறங்கியதும் அவள் அவன் கையை உதறிவிட்டு லயத்துக்கு இறங்குகிற பாதையில் ஓடினாள். மழை பெய்து பாதை வழுக்கலாக இருந்தது.

"ஓடாத, ஏய், ஓடாத" என்று கத்திக்கொண்டே சுடலையும் பின்னால் ஓடினான்.